மூன்று விதிகளைச் சோதனையாக ஓட்டுங்கள்
ஆவடி வட்டாரத்து இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவில்பதாகை, ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர், பூந்தமல்லி பகுதிப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,



நான் கோவில்பதாகையில் குடியிருப்பவன். எண்களை வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. புராஜெக்ட் காலம் வந்துவிட்டால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சந்தேகம் கேட்க வருவார்கள். முகத்தைப் பார்த்து வருகை பதியும் ஏற்பாடு, இரண்டு படங்களை ஒப்பிட்டுக் குறை கண்டுபிடிக்கும் ஏற்பாடு, தமிழ் வாக்கியங்களில் பொருள் ஒத்தவற்றைத் தேடித் தரும் ஏற்பாடு என்று தலைப்புகள் பலவாக இருக்கும். உள்ளே பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரு வரி பொதுவாக இருக்கிறது. எண்களின் வரிசை ஒன்றைக் கொடுத்து அதன் நார்ம் என்ன என்று கேட்கிற வரி அது. புராஜெக்ட்டின் தீர்ப்பு முழுவதும் அந்த வரியில்தான் நடக்கிறது. ஆனாலும் அதை யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நார்ம் என்பது பல எண்களை ஒரே எண்ணாகச் சுருக்கி, "இது எவ்வளவு பெரியது" என்று சொல்வது. இரண்டு வெக்டர்களைக் கழித்து, வரும் விடைக்கு நார்ம் எடுத்தால் அது அவற்றுக்கிடையே உள்ள தூரம். பள்ளியில் வெக்டரின் எண்ணளவு என்று படித்தீர்களே, ஒவ்வோர் உறுப்பையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது, அதுவும் ஒரு நார்ம்தான். ஆனால் அது ஒன்று மட்டும்தான் நார்ம் என்று நினைத்துவிடக் கூடாது. கோவில்பதாகையிலிருந்து ஆவடி ரயில் நிலையத்துக்குப் பறவை பறந்து போகும் தூரம் ஒன்று, தெருத் தெருவாகத் திரும்பி நாம் போகும் தூரம் வேறொன்று. இரண்டுமே நியாயமான தூரங்கள்தான். முதலாவது வர்க்கமூலம் எடுக்கும் எல்-2 நார்ம். இரண்டாவது, உறுப்புகளின் மட்டு மதிப்புகளை அப்படியே கூட்டும் எல்-1 நார்ம். அந்த மட்டு மதிப்புகளிலேயே மிகப் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்வது உச்ச நார்ம். இந்த மூன்றாவதை உங்களை அறியாமலே நீங்கள் பயன்படுத்தியிருக்கிறீர்கள். எண்சார் முறைகள் தாளில் காஸ்-சீடல் கணக்குப் போடும்போது, அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளில் எல்லா விடைகளும் மூன்று தசமத்துக்கு ஒத்துப்போனால் நிறுத்திவிடுவீர்கள். எல்லா உறுப்புகளின் வித்தியாசமும் ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது, மிகப் பெரிய வித்தியாசம் அந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்பதேதான்.

எதை நார்ம் என்று அழைக்கலாம் என்பதற்குக் கணிதம் மூன்று விதிகள் வைத்திருக்கிறது. ஒன்று: பூச்சிய வெக்டருக்கு மட்டுமே நார்ம் பூச்சியம், மற்ற எதற்கும் அது பூச்சியத்தைவிடப் பெரிது. இரண்டு: வெக்டரை ஓர் எண்ணால் பெருக்கினால், நார்மும் அந்த எண்ணின் மட்டு மதிப்பால் பெருகும். மூன்று: இரண்டு வெக்டர்களின் கூட்டலுக்கு உள்ள நார்ம், அவற்றின் தனித்தனி நார்ம்களின் கூட்டுத்தொகையைத் தாண்டாது. இதை முக்கோணச் சமனிலி என்பார்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்து, எழுதிவிட்டு மறந்துபோகும் விதிகள் இவை. நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: இந்த மூன்று விதிகளையும் உங்கள் நிரலுக்குச் சோதனையாக ஓட்டிப் பாருங்கள். தாளில் ஒருபோதும் உடையாத இந்த விதிகள் கணினியில் உடையும். உடையும் இடத்தில்தான் உங்கள் புராஜெக்ட்டின் பிழை ஒளிந்திருக்கும்.

முதலில் மிக எளிய உதாரணம். 3, 4 என்ற இரண்டு உறுப்புகள் கொண்ட வெக்டரின் எல்-2 நார்ம் 5. இரண்டாம் விதிப்படி 300, 400 என்ற வெக்டருக்கு 500 வர வேண்டும். இதே எண்களைப் பைத்தானின் நம்பை தொகுப்பில் ஃப்ளோட் 16 என்ற 16 பிட் வகை அரேயாக வைத்து நார்ம் கேளுங்கள். விடை "இன்ஃப்", அதாவது முடிவிலி. காரணம் எளியது. 16 பிட் எண் வகையில் அடங்கும் மிகப் பெரிய எண் 65,504. 300-இன் வர்க்கமே 90,000. இறுதி விடையான 500 அந்த வகையில் தாராளமாக அடங்கும். வழியில் வரும் வர்க்கம்தான் அடங்காது. நம்பை வர்க்கங்களின் கூட்டுத்தொகையை அதே 16 பிட் வகையில் வைத்துவிட்டு அதற்கு வர்க்கமூலம் எடுக்கிறது. முடிவிலியின் வர்க்கமூலம் முடிவிலிதானே.

16 பிட்டை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். கூகுள் கோலேப்பில் இலவசமாகக் கிடைக்கும் ஜிபியூவில் மாடலைப் பழக்கும் உங்களில் பலர் ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்கள். நினைவகம் போதவில்லை என்றதும் முதலில் கை போகும் இடம் அதுதான். 32 பிட்டிலும் இதே கதை நடக்கும், எண்கள் மட்டும் பெரிதாகும். அதன் எல்லை சுமார் 3.4 பெருக்கல் 10-இன் 38-ஆம் அடுக்கு. அதனால் 10-இன் 20-ஆம் அடுக்கில் உள்ள எண்ணை வர்க்கப்படுத்தினாலே எல்லை மீறிவிடும். 64 பிட்டின் எல்லை சுமார் 1.8 பெருக்கல் 10-இன் 308-ஆம் அடுக்கு. அங்கேயும் 3-ஐ அடுத்து 200 பூச்சியங்கள், 4-ஐ அடுத்து 200 பூச்சியங்கள் என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் நம்பை முடிவிலி என்றுதான் சொல்லும். சரியான விடை 5-ஐ அடுத்து 200 பூச்சியங்கள். இரண்டாம் விதி அங்கே உடைந்துவிட்டது.

முதல் விதி உடைவது இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அது சத்தமில்லாமல் உடையும். 0.0001 என்ற எண்ணை ஃப்ளோட் 16-இல் வைத்து வர்க்கப்படுத்துங்கள். விடை பூச்சியம். அந்த வகையில் பூச்சியத்துக்கு மேல் உள்ள மிகச் சிறிய எண்ணே பத்துக் கோடியில் 6 பங்கு அளவுதான். வர்க்கமோ பத்துக் கோடியில் ஒரு பங்கு. அதனால் அது பூச்சியமாகிவிடுகிறது. உறுப்புகள் எல்லாமே 0.0001 ஆக இருக்கும் ஒரு வெக்டருக்கு, உறுப்பு உறுப்பாக வர்க்கப்படுத்திக் கூட்டி நீங்களே எழுதும் நார்ம் பூச்சியம் என்று வந்து நிற்கும். வெக்டர் பூச்சியமில்லை, நார்ம் மட்டும் பூச்சியம். மாடலைப் பழக்கும்போது வரும் கிரேடியன்ட் எண்கள் பல நேரம் இந்த அளவில்தான் இருக்கும். மாடல் கற்று முடித்துவிட்டது என்று நினைத்து நீங்கள் பயிற்சியை நிறுத்துவீர்கள். உண்மையில் அது கற்கத் தொடங்கியே இருக்காது.

எதிர்த்திசையிலும் இதே ஆபத்து உண்டு. கிரேடியன்ட் கட்டுக்கடங்காமல் பெருகினால் அதன் நார்மைப் பார்த்து, ஒரு வரம்புக்குள் வரும்படி சுருக்கும் வழக்கம் இருக்கிறது. பாஸ்கானு, மிகோலோவ், பெஞ்சியோ மூவரும் 2013-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு அது பரவலான பழக்கமாகிவிட்டது. வரம்பை நார்மால் வகுத்து, அந்த எண்ணால் கிரேடியன்ட் முழுவதையும் பெருக்குவார்கள். நார்ம் தவறாக முடிவிலி என்று வந்தால் பெருக்கும் எண் பூச்சியமாகும். அந்தச் சுற்றில் மாடல் எதையும் கற்காது. பிழைச் செய்தி எதுவும் வராது. இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் போட்டது போட்டபடி இருக்கும்.

இது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே தீர்த்து வைத்திருக்கிறார்கள். முதல் வழி: உறுப்புகளின் மட்டு மதிப்புகளில் மிகப் பெரியதைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் அதனால் வகுத்து, பிறகு வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, கடைசியில் அதே எண்ணால் பெருக்குவது. வகுத்த பிறகு எந்த உறுப்பும் 1-ஐத் தாண்டாது என்பதால் வர்க்கம் எல்லை மீறாது. 300, 400 என்ற உதாரணத்தில் 0.75, 1 என்று ஆகும். அவற்றின் நார்ம் 1.25, அதை 400-ஆல் பெருக்கினால் 500. இந்த வழியில் வகுத்தல் செலவு அதிகம், அரேயை இரண்டு முறை படிக்கவும் வேண்டும். அதற்கு ஒரு மாற்று வழியை பெல் ஆய்வகத்தின் ஜேம்ஸ் புளூ 1978-இல் வெளியிட்டார். மிகப் பெரிய எண்களுக்கு ஒன்று, நடுத்தர எண்களுக்கு ஒன்று, மிகச் சிறிய எண்களுக்கு ஒன்று என மூன்று கூட்டுத்தொகைகளைத் தனித்தனியே வைத்துக்கொண்டு ஒரே முறை படித்து முடித்துவிடலாம் என்பது அவர் வழி. சாதாரண எண்கள் நடுக் கணக்கிலேயே முடிந்துவிடும். கூடுதல் செலவு அபூர்வமான எண்களுக்கு மட்டும்தான்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1979-இல், லாசன், ஹேன்சன், கின்கெய்ட், குரோக் நால்வரும் வெளியிட்ட பிளாஸ் என்ற அடிப்படை நிரல் தொகுப்பில் எல்-2 நார்முக்கென்றே தனி நிரல் இடம்பெற்றது. இன்றைக்கும் பெரும்பாலான கணக்கீட்டு மென்பொருள்களின் அடியில் இருப்பது அதன் வாரிசுகள்தான். புளூவின் யோசனையை எட்வர்ட் ஆண்டர்சன் 2017-இல் மீண்டும் எடுத்துச் செப்பனிட்டார். லேபேக் என்ற நேரியல் இயற்கணித நிரல் தொகுப்பின் 2021-இல் வந்த 3.10 பதிப்பில் அது சேர்ந்தது. வெறும் வர்க்கம், கூட்டல், வர்க்கமூலம் என்று நாம் நினைக்கும் ஒரு கணக்கைச் சரியாகச் செய்ய 40 ஆண்டுகளுக்கு மேல் மனிதர்கள் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவதுதான் பொறியாளருக்கு அழகு. பைத்தானில் சைபை தொகுப்பின் நார்ம், பிளாஸ் நிரலைக் கூப்பிடுகிறது. 3.8 பதிப்பிலிருந்து மேத் தொகுப்பின் ஹைப்பாட் எத்தனை உறுப்புகளையும் ஏற்றுக்கொண்டு, அளவு பார்த்துச் சுருக்கிக் கணக்கிடுகிறது. நம்பையின் நார்ம் வேகத்துக்காக நேர்வழியை எடுக்கிறது. மூன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. உங்கள் எண்கள் எந்த அளவில் வரும் என்று தெரிந்தால்தான் எது உங்கள் இடம் என்று சொல்ல முடியும்.

இனி, நார்ம் என்று கேட்டால் எந்த நார்ம் வரும் என்பதைப் பார்ப்போம். முதல் நிரையில் 1, 2; இரண்டாம் நிரையில் 3, 4 என்று ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் சொல்லாமல் நார்ம் என்று மட்டும் கேட்டால் மேட்லேப் 5.465 என்கிறது. நம்பை 5.477 என்கிறது. ஆர் மொழி 6 என்கிறது. மூன்றும் சரியான விடைகள்தான். மேட்லேப் தருவது அந்த அணி ஒரு வெக்டரை அதிகபட்சம் எத்தனை மடங்கு நீட்டும் என்ற அளவு. நம்பை தருவது எல்லா உறுப்புகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கும் ஃப்ரோபீனியஸ் நார்ம், அதாவது 30-இன் வர்க்கமூலம். ஆர் தருவது நிரல்வாரியாக, அதாவது மேலிருந்து கீழாக, கூட்டியதில் மிகப் பெரிய தொகை, 2 கூட்டல் 4. முதல் இரண்டு விடைகளும் எவ்வளவு அருகில் இருக்கின்றன பாருங்கள். மேட்லேப் புத்தகத்தில் உள்ள முறையைப் பைத்தானுக்கு மாற்றும் மாணவர் இந்த வித்தியாசத்தைப் பார்த்து, ரவுண்டிங் பிழையாக இருக்கும் என்று கடந்துபோவார். ஆனால் 100 நிரை, 100 நிரல் கொண்ட அலகு அணியைக் கொடுத்தால் மேட்லேப் 1 என்று சொல்லும், நம்பை 10 என்று சொல்லும். ரவுண்டிங்கில் 10 மடங்கு வித்தியாசம் வராது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே ஜூலியா மொழியை உருவாக்கியவர்கள் 2018-இல் 1.0 பதிப்பு வரும் நேரத்தில் இரண்டையும் பிரித்து, அணியின் நீட்டலை அளக்க வேறு பெயரில் ஒரு ஃபங்ஷன் வைத்தார்கள்.

வடிவமும் விடையை மாற்றும். 3, -4, 12 என்ற வெக்டருக்கு எல்-1 நார்ம் 19, உச்ச நார்ம் 12. இதே மூன்று எண்களை ஒரு நிரை, மூன்று நிரல் கொண்ட அணியாக நம்பையிடம் கொடுத்து அதே கேள்விகளைக் கேளுங்கள். இப்போது முதல் கேள்விக்கு 12 வரும், இரண்டாவதற்கு 19. விடைகள் இடம் மாறிவிட்டன. அணி என்று வந்துவிட்டால் உறுப்புகளின் மட்டு மதிப்பை வைத்து, முதலாவது நிரல்களின் கூட்டுத்தொகையில் பெரியது, இரண்டாவது நிரைகளின் கூட்டுத்தொகையில் பெரியது என்பது வரையறை. எல்-2 கேட்டால் இரண்டு வடிவத்துக்கும் 13 வரும் என்பதால், எல்-2 மட்டும் பார்த்துச் சோதித்தவர் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார். ஒரு கூடுதல் அடைப்புக்குறி இப்படியெல்லாம் செய்யும்.

உங்களில் அதிகம் பேர் எடுக்கும் தலைப்புக்கு வருகிறேன்: முகத்தைப் பார்த்து வருகை பதிவது. நம் ஊருக்கு இது புதிதில்லை. 2018 டிசம்பரிலேயே சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் இத்தகைய ஏற்பாடு தொடங்கியது. மாணவர் புராஜெக்ட்டுகளில் பெரும்பாலும் ஃபேஸ் ரெகக்னிஷன் என்ற பைத்தான் தொகுப்பைப் பயன்படுத்துகிறீர்கள். அதன் அடியில் இருப்பது டேவிஸ் கிங் உருவாக்கிய டிலிப். அது ஒவ்வொரு முகத்தையும் 128 எண்கள் கொண்ட வெக்டராக்குகிறது. இரண்டு முகங்களின் வெக்டர்களைக் கழித்து, எல்-2 நார்ம் எடுத்து, அது 0.6-க்குள் இருந்தால் இருவரும் ஒருவரே என்று முடிவு செய்கிறது. ஒரு மனிதர் அவர்தானா என்ற கேள்விக்கு, ஒரு நார்மும் ஒரு வரம்பும்தான் விடை சொல்கின்றன.

இந்த இடத்தில் நான் பார்த்த பிழைகளில் முதன்மையானது, ஆக்ஸிஸ் சொல்லாமல் விடுவது. பதிவு செய்த 60 பேரின் வெக்டர்கள் 60 நிரை, 128 நிரலாக இருக்கும். வாசலில் நிற்பவரின் வெக்டரை அதிலிருந்து கழித்து, நிரைவாரியாக நார்ம் எடுத்தால் 60 தூரங்கள் கிடைக்கும். தொகுப்பில் உள்ள ஃபங்ஷன் அதைச் சரியாகவே செய்கிறது. நீங்களே எழுதும்போது ஆக்ஸிஸ் 1 என்று சொல்ல மறந்தால், 7,680 எண்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நார்ம் வரும். ஒருவருக்கொருவர் 0.8 தூரத்தில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் அந்த ஒற்றை எண் 6-ஐத் தாண்டிவிடும். யார் வந்து நின்றாலும் அந்நியர்தான். இதில் கொடுமை என்னவென்றால், ஒரே ஒருவரைப் பதிவு செய்து வீட்டில் சோதித்துப் பார்க்கும்போது இது சரியாக வேலை செய்யும். ஒரே நிரை இருந்தால் இரண்டு விடையும் ஒன்றுதானே. வைவா நாளில் வகுப்பு முழுவதையும் பதிவு செய்த பிறகுதான் காலை வாரும்.

இரண்டாவது பிழை, வரம்பை ஓரிடத்திலிருந்தும் நார்மை வேறோரிடத்திலிருந்தும் எடுப்பது. 0.6 என்பது அந்த மாடலுக்கும் எல்-2 நார்முக்கும் சேர்த்துப் பொருத்திய எண். 128 உறுப்பு வெக்டருக்கு எல்-1 நார்ம், எல்-2 நார்மைப் போல 11 மடங்குக்கும் மேல் வரை போகலாம். 128-இன் வர்க்கமூலம்தான் அந்த எல்லை. இன்னும் சிலர் வேகமாக ஓட வேண்டும் என்று வர்க்கமூலத்தை விட்டுவிட்டு, வரம்பை மட்டும் 0.6 என்றே வைத்திருக்கிறார்கள். தூரத்தின் வர்க்கம் 0.6-க்குள் என்றால் தூரம் 0.77 வரை போகலாம். வேற்று ஆளுக்குக் கதவு திறந்துவிடும். வர்க்கமூலம் எடுக்காத எண் நார்மே இல்லை, மூன்றாம் விதியில் அது தோற்றுவிடும். 0, 1, 2 என்று ஒரே கோட்டில் மூன்று புள்ளிகளை வைத்துப் பாருங்கள். முதலிலிருந்து நடுவுக்கு 1, நடுவிலிருந்து கடைசிக்கு 1, முதலிலிருந்து கடைசிக்கு 4. சுற்றிப் போகும் வழியைவிட நேர்வழி நீளமாகிவிட்டது. வர்க்கத்தை வைத்தே ஒப்பிடுவதானால் வரம்பையும் வர்க்கப்படுத்தி 0.36 என்று வையுங்கள், அப்போது தவறில்லை.

மூன்றாவது பிழைதான் எனக்கு அதிகக் கவலை தருவது. பூச்சிய வெக்டரை அதன் நார்மால் வகுத்தால் "நேன்" வரும், அதாவது எண் அல்லாத ஒன்று. கேமராவில் முகமே விழாதபோது பூச்சிய வெக்டரை அனுப்பி, அதை நார்மால் வகுத்துத் தூரம் காணும் நிரல்களில் தூரமே நேனாகிவிடும். நேனை எதனுடன் பெரியதா, சிறியதா என்று ஒப்பிட்டாலும் விடை "இல்லை" என்பதே. 1985-இன் ஐ-ட்ரிபிள்-இ 754 தரநிலை வகுத்த விதி அது. இப்போது உங்கள் நிரலில், "தூரம் 0.6-ஐவிடப் பெரியதானால் மறு, இல்லாவிட்டால் அனுமதி" என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? நேன் 0.6-ஐவிடப் பெரியது இல்லை. ஆகவே அனுமதி. முகமே இல்லாதவர் உள்ளே போய்விடுவார். "0.6-க்குள் இருந்தால் அனுமதி, இல்லாவிட்டால் மறு" என்று திருப்பி எழுதுங்கள். சந்தேகம் வந்தால் மறுக்கும் பக்கம் விழும்படிதான் நிபந்தனை இருக்க வேண்டும்.

படங்களை ஒப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரையிலான 8 பிட் முழு எண். இரண்டு படங்களை அப்படியே கழித்தால் 10-இலிருந்து 20 போக, மைனஸ் 10 வராது, 246 வரும். அந்த வகையில் எதிர்ம எண்ணுக்கு இடமில்லாததால் சுற்றி வந்துவிடுகிறது. நம்பையின் நார்ம் முழு எண்களைத் தசம வகைக்கு மாற்றிக்கொண்டுதான் கணக்கிடும். ஆனால் கழித்தல் அதற்கு முன்பே முடிந்துபோயிருக்கும். முதலில் வகையை மாற்றுங்கள், பிறகு கழியுங்கள். ஓப்பன்சிவியின் நார்மிடம் இரண்டு படங்களையும் தனித்தனியாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

நீளமான அரேக்களில் கூட்டலே தவறலாம். 32 பிட் வகையில் 1,67,77,216 என்ற எண்ணுடன் 1-ஐக் கூட்டினால் அதே எண்தான் வரும். அதற்கு மேல் ஒன்று ஒன்றாக எண்ண அந்த வகையில் இடமில்லை. எல்லா உறுப்பும் 1 ஆக இருக்கும் 2 கோடி நீள வெக்டருக்கு, ஒரே கூட்டுத்தொகையில் வரிசையாகக் கூட்டும் சுற்று ஒன்றை 32 பிட்டில் எழுதினால் நார்ம் 4,096 என்று நின்றுவிடும். சரியான விடை சுமார் 4,472. தரவு 32 பிட்டாக இருக்கட்டும், கூட்டும் இடம் மட்டும் 64 பிட்டாக இருக்கட்டும். ஜிபியூவில் கூட்டும் வரிசை மாறுவதால் கடைசி இலக்கங்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம். அதனால் இரண்டு நார்ம்கள் சமமா என்று நேரடியாகக் கேட்காதீர்கள், வித்தியாசம் ஓர் அளவுக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அந்த அளவு என்ன என்பதிலும் கவனம் வேண்டும். நம் ஊர் ஆவடி, கனரக வாகனத் தொழிற்சாலையும் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கும் ஊர். மெக்கானிக்கல் படிக்கும் உங்களில் சிலர் தகைவுக் கணக்கு மென்பொருளில்தான் வாழ்க்கையைக் கழிக்கப் போகிறீர்கள். அங்கே தீர்வு கிடைத்துவிட்டதா என்று முடிவு செய்வது, மிச்சமிருக்கும் பிழையின் நார்ம். அது 0.001-க்குக் கீழே போனால் நிறுத்து என்று எழுதியிருந்தால், 0.001 எதன் அளவு என்று கேளுங்கள். நியூட்டனா, கிலோநியூட்டனா? இரண்டாம் விதி சொல்வது இதுதான்: அலகை மாற்றினால் நார்ம் 1,000 மடங்கு மாறும், நீங்கள் எழுதிவைத்த வரம்பு மாறாது. பிழையின் நார்மை, கொடுத்த விசையின் நார்மால் வகுத்து, அந்த விகிதத்தை வரம்போடு ஒப்பிட்டால் அலகு எதுவானாலும் முடிவு ஒன்றாக இருக்கும்.

வெவ்வேறு அலகுகளை ஒரே வெக்டரில் கலப்பது இன்னொரு வம்பு. வயது, மதிப்பெண், குடும்ப வருமானம் மூன்றையும் ஒரே வெக்டராக்கித் தூரம் கண்டால், லட்சங்களில் இருக்கும் வருமானம் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். வயதில் 10 ஆண்டு வித்தியாசமும் வருமானத்தில் 10 ரூபாய் வித்தியாசமும் அந்த நார்முக்கு ஒன்றே. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பி.சி. மகலனோபிஸ், மனிதர்களின் உடல் அளவுகளை ஒப்பிடும்போது இதே சிக்கலைச் சந்தித்தார். ஒவ்வோர் அளவும் இயல்பாக எவ்வளவு மாறுகிறது, ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து மாறுகிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் தூரத்தை 1936-இல் முன்வைத்தார். இன்று உலகெங்கும் அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. நம் நாட்டில், நம் தரவிலிருந்து பிறந்த அந்தக் கருவியை உங்கள் புராஜெக்ட்டில் பயன்படுத்திப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நீங்கள் எழுதுவது புராஜெக்ட்டோடு முடிவதில்லை. பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பூங்கா திறந்திருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. நாளை நீங்கள் எழுதும் நிரல் ஒரு தொழிற்சாலையின் வாசலில் ஓடலாம். ஷிஃப்ட்டுக்கு வந்து கேமரா முன் நிற்கும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியை அது அடையாளம் காணாவிட்டால், அவருக்கு அன்றைய சம்பளம் போய்விடும். அவரிடம் வாதாட ஆதாரம் எதுவும் இருக்காது. கணினி சொல்லிவிட்டது என்பார்கள். உண்மையில் சொன்னது கணினியில்லை, நீங்கள் ஆக்ஸிஸ் எழுத மறந்த ஒரு வரி.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள்கள் இவை. நார்ம் கணக்கிடும் ஒவ்வோர் இடத்துக்கும் ஆறு சோதனைகள் எழுதுங்கள்.

1. பூச்சிய வெக்டரைக் கொடுங்கள். பூச்சியம் வர வேண்டும், அதனால் வகுக்கும் இடத்தில் நிரல் தடுமாறக் கூடாது.
2. மிகச் சிறிய, ஆனால் பூச்சியமில்லாத வெக்டரைக் கொடுங்கள். விடை பூச்சியமாகிவிடக் கூடாது.
3. ஏதேனும் ஒரு வெக்டரைக் கொடுத்துவிட்டு, அதை 1,000-ஆல் பெருக்கியும் வகுத்தும் கொடுங்கள். விடையும் அதே மடங்கில் மாற வேண்டும்.
4. ஏதேனும் இரண்டு வெக்டர்களை எடுத்து முக்கோணச் சமனிலி நிற்கிறதா என்று பாருங்கள்.
5. ஒரு நேனைக் கலந்து கொடுங்கள். நிரல் மறுக்கும் பக்கம் விழ வேண்டும்.
6. ஒரு நிரைக்குப் பதில் இரண்டு நிரை கொடுங்கள். இரண்டு விடைகள் வர வேண்டும்.

எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேர வேலைகூட இல்லை. பிறகு புராஜெக்ட் அறிக்கையில் ஒரு பக்கம் சேருங்கள். எந்த நார்ம், எந்த ஆக்ஸிஸ், எந்த எண் வகை, எந்த வரம்பு, ஏன் அதைத் தேர்ந்தோம் என்று உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். வைவாவில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு பக்கத்தை எழுதத் தெரிந்தவரைத்தான் நான் பொறியாளர் என்று மதிப்பேன். அதை எழுதும் திறமை உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது.

அன்புடன்,
கோவில்பதாகையிலிருந்து உங்கள் அண்ணன்